முன்சட்டம்: சாதா எஃகா, உயர்வலிமை எஃகா?

சேலத்தில் எங்கள் அறையில், மோதல் சோதனையைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க இரண்டு திரைகள். இரண்டிலும் ஒரே சின்ன கார், மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுகிறது. இடதில் முன்சட்டம் (காரின் மூக்குக்குள் நீளவாக்கில் இருந்து, மோதலில் மடிந்து அடியை வாங்கும் சட்டம்) சாதா எஃகு, 2 மி.மீ. தகடு. வலதில் உயர்வலிமை எஃகு, 1.4 மி.மீ.

இடது மலிவு, தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சில் சொன்னபடி வளையும், வெல்டிங்கும் சுலபம். எடைதான் இடிக்கிறது. வலதில் சட்டத்தின் எடை 30 சதவீதம் மிச்சம். ஆனால் ஆள் பிடிவாதக்காரன்: அச்சில் அழுத்தி எடுத்தால் பழைய வடிவத்தை நோக்கிக் கொஞ்சம் பின்வாங்குவான்.

ஒரு டன் கார் அந்த வேகத்தில் சுமார் 121 கிலோஜூல் ஆற்றலோடு வரும். சின்ன காருக்கு மூக்கு குட்டை. ஏறக்குறைய அரை மீட்டருக்குள் அத்தனையையும் விழுங்கியாக வேண்டும். முதல் ஓட்டத்தில் வலது சட்டம் ஆர்மோனியத் துருத்தி போல மடியாமல், நடுவில் முழங்கை மாதிரி ஒடிந்தது. ஒடிந்தால் ஆற்றலைச் சரியாக உறிஞ்சாது. முன்முனையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் வைத்தோம். அப்புறம் மடிப்புகள் அங்கிருந்தே வரிசையாக விழுந்தன. திரையில் இதற்கு ஓர் இரவு. நிஜத்தில் ஒரு காரே காலி.

(பயணிகள் கூண்டு வேறு கதை. அது மடியவே கூடாது.)

என் ஓட்டு வலதுக்குத்தான். நாலு பேரோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கி ஏறும் காருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு இடதும் தப்பில்லை, தகட்டின் தடிமனில் கை வைக்காத வரை.