ஸ்டூடியோவா, சொந்த அறையா, தெருவா: போராட்டப் பாட்டை எங்கே பதிவு செய்வது?

சமூகப் பிரச்சினை பற்றிப் பாட்டுக் கட்டி, பின்னால் எந்த நிறுவனமும் இல்லாமல் தானே வெளியிடுகிற கலைஞருக்குப் பதிவு செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டூடியோ ஒன்று. ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மடிக்கணினியோடு சொந்த அறை இன்னொன்று. கையடக்க ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பாட்டு பாடப்படும் இடத்துக்கே போவது மூன்றாவது. என் ஓட்டு சொந்த அறைக்கு. அதற்குக் காரணம் செலவு இல்லை.

ஸ்டூடியோவில் ஒலி சுத்தமாக வரும், ஆனால் கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும். அறையில் நேரம் தாராளம், பக்கத்து வீட்டுச் சத்தமும் தாராளம். தெருவில் உயிர் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாமல் போவது வேறொன்று. காதல் பாட்டை வெளியிட்டால் வேலை முடிந்தது. இந்த வகைப் பாட்டு வெளியான பிறகும் முடியாது. இறந்தவர் எண்ணிக்கை கூடும். அமைச்சர் மாறுவார். கீழ்க்கோர்ட் சொன்னதை மேல்கோர்ட் புரட்டிப் போடும். பாதிக்கப்பட்ட குடும்பம் பாட்டில் வரும் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கும். கேட்டால் எடுத்துத்தான் ஆகவேண்டும். தீர்ப்பு வராத வழக்கில் ‘கொலைகாரன்’ என்று பாடாதீர்கள் என்று வழக்கறிஞர் சொல்வார். அந்த இடத்தில் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ சந்தத்தில் உட்காராது. வரி முழுவதையும் வேறாக எழுதிப் பாடவேண்டும். ஆகவே மூன்று வழிகளையும் உரசிப் பார்க்க ஒரே கேள்வி போதும்: ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு வரியை, ஒட்டுத் தெரியாமல், மாற்ற முடியுமா?

தெருப் பதிவில் முடியாது. குரலும் பறையும் கைதட்டலும் ஒரே ஸ்டீரியோ ஃபைலில் கலந்து கிடக்கும். குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருட்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன என்றாலும், பிரித்த குரலோடு பறையொலியின் வால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதன் நடுவே அறையில் பாடிய வரியை வைத்தால் அந்நியமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஸ்டூடியோவில் கொள்கையளவில் முடியும். நடைமுறையில் கையில் கிடைப்பது பெரும்பாலும் முடிந்த ஸ்டீரியோ மிக்ஸ் மட்டுமே. தனித்தனி டிராக்குகள் (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்குமான தனிப் பதிவுகள்) அவர்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். இடம் போதாதபோது பழைய வேலைகள்தான் முதலில் அழியும். கேட்டு வாங்கினாலும் குரலின் மேல் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி), கம்ப்ரஷன் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), சுருதித் திருத்தம் என்று எஃபெக்ட் எல்லாம் ஏற்றியே வந்து சேரும். போதாததற்கு, அன்று போட்ட மைக் எது, வாய்க்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, கெயின் (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) எங்கே நின்றது என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். அந்த இன்ஜினியரே வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

ஸ்டூடியோதான் என்று முடிவு செய்தால், பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா டிராக்குகளும் பாட்டின் 0 வினாடியிலிருந்து தொடங்கும் 24 பிட் வேவ் ஃபைல்களாக வேண்டும். எஃபெக்ட் இல்லாமல் ஒரு தொகுப்பு, எஃபெக்டோடு ஒரு தொகுப்பு. டெம்போ (பாட்டின் வேகம்) எண்ணும் வேண்டும். மாஸ்டர், அதாவது முடிந்த மூலப் பதிவு, யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரியும் வேண்டும். காசு கொடுத்தோம் என்பதாலேயே அது நம்முடையதாகிவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. நான்கு நிமிடப் பாட்டில் 20 மோனோ டிராக் இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மொத்தம் சுமார் 700 மெகாபைட்தான், பென் டிரைவில் அடங்குகிற சமாசாரம். ‘புராஜெக்ட் ஃபைலையே தருகிறோமே’ என்றால் அது மட்டும் போதாது. அவர்களிடம் இருக்கிற பிளக்இன் (பதிவு மென்பொருளோடு சேரும் துணை மென்பொருள்) உங்களிடம் இல்லையென்றால், திறந்ததும் மென்பொருள் வாத்தியங்கள் ஊமையாக நிற்கும்.

அறை ஜெயிப்பது கருவியின் தரத்தால் இல்லை. எதையும் இடம் மாற்றாமல் வைத்திருக்கலாம், மாற்றினாலும் அதே நிலைக்குத் திரும்பிக் கொண்டுவரலாம் என்பதால்தான். அதற்கு மைக்கிலிருந்தே யோசிக்க வேண்டும். ஷூர் எஸ்எம்58 மாதிரியான டைனமிக் மைக்கைத்தான் நான் பரிந்துரைப்பேன். 1966-ல் வந்த மாடல், இன்றும் அதே பெயரில் விற்கிறது. தொலைந்தாலும் உடைந்தாலும் அதேபோல இன்னொன்று கிடைக்கும். ஒட்டு வரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். அது குரலின் நுணுக்கத்தைப் பிடிக்கும், கூடவே அறையின் எதிரொலியையும் தெருவில் போகும் வண்டியையும் பிடிக்கும்.

டைனமிக் மைக்கை வாயிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தூரத்தில் வைக்கலாம். அவ்வளவு நெருக்கத்தில் அறை அவ்வளவாகக் கேட்காது. ஆனால் நெருங்க நெருங்க அடிக்குரல் வீங்கும். இரண்டு மூன்று செ.மீ. நகர்ந்தாலே குரலின் நிறம் மாறிவிடும். பழைய வரியும் புதிய வரியும் ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். தூரத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். மைக்குக்கும் பாப் ஃபில்டருக்கும் (வாய்க் காற்றைத் தடுக்கும் வலைத் திரை) நடுவே நான்கு விரல் அகலம் விட்டு ஃபில்டரை இறுக்குங்கள். மூக்கு அதைத் தொட்டும் தொடாமலும் நின்று பாடினால் தூரம் தானாக நிலைக்கும். உச்ச வரியைப் பாடிப் பார்த்து, மென்பொருளின் அளவுமானியில் (அதில் 0-தான் உச்ச எல்லை, தாண்டினால் ஒலி உடையும்) அளவு மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி கெயினை வையுங்கள். முழக்கம் மாதிரிப் பாடும் பாட்டில் ஒத்திகையைவிட டேக்கில், அதாவது நிஜமாகப் பதியும்போது, குரல் ஏறும். ஒத்திகையிலேயே மைனஸ் 3-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் டேக்கில் அந்த வரி நிச்சயம் உடையும். கெயின் குமிழ், மைக் ஸ்டாண்டின் உயரம், தரையில் கால் வைத்த இடம் மூன்றுக்கும் டேப் ஒட்டி அடையாளம் போட்டு, ஒரு போட்டோ எடுத்து, பாட்டின் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.

போர்வையை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறவர்கள் நிறையப் பேர். எஸ்எம்58 மாதிரியான கார்டியாய்டு (ஒருபக்கமாகக் கேட்கும்) மைக் கேட்பது முன்பக்கத்தை, அதாவது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. தடித்த போர்வை அங்கேதான் வேண்டும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. மெல்லிய ஃபோம் ஷீட்டுகள் மேல் அதிர்வெண்ணை மட்டும் தின்றுவிட்டு, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் டப்பாச் சத்தத்தை அப்படியே விட்டுவிடும். மூலையிலும் அறையின் நட்டநடுவிலும் நின்று பாட வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல் 30 வினாடி வெறும் அறையைப் பதிந்து வையுங்கள். பிறகு ஒட்டுப் போடும்போது இடைவெளியை நிரப்ப அது தேவைப்படும்.

இனி ஒட்டு. புதிய வரியை மட்டும் தனியாகப் பாடக் கூடாது. அதற்கு முந்தைய இரண்டு வரிகளிலிருந்து பாடிக்கொண்டே வந்து, அடுத்த வரியிலும் பாதி தூரம் போய் நிறுத்துங்கள். மூச்சும் வேகமும் அப்போதுதான் பழைய டேக்கோடு பொருந்தும். ஹெட்போனில் பழைய குரல் சன்னமான சத்தத்தில் ஓடட்டும். வெட்டுவதற்கு நல்ல இடம் மூச்சு. மூச்சில்லாத இடத்தில் வெட்ட வேண்டி வந்தால் இரட்டிக்கும் வல்லினம் கைகொடுக்கும். க்க, ட்ட, த்த, ப்ப வரும்போது நாக்கோ உதடோ மூடிக்கொண்டு ஒலி ஒரு கணம் அறவே நிற்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ‘கேட்டான்’ என்ற சொல்லுக்கு நடுவே தட்டையான கோடு தெரியும். வெட்டு அங்கே விழுந்தால் 5 மில்லிவினாடி கிராஸ்ஃபேட் (பழைய ஒலி தேய, புதியது ஏறும் கலப்பு) போதும். நெடிலின் நடுவிலோ, ம, ன, ல மாதிரி நீளும் மெய்யின் நடுவிலோ வெட்டினால் 30 மில்லிவினாடி வைத்தாலும் சுருதி இடறுவது காதில் படும்.

இதை எழுதும்போதே யோசித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். மாறக்கூடிய பெயர், எண், பதவி எதுவும் பல்லவியில் வரக்கூடாது. ஒரே சரணத்தின் ஒரே வரியில் அடக்கி, அதற்கு முன்னும் பின்னும் மூச்சுக்கு இடம் விடுங்கள். எதுகையைப் பெயரின் மேல் தொங்கவிடாதீர்கள்; பெயர் போனால் ஜோடி வரியும் சேர்ந்து போகும். அந்த வரியில் கோரஸ் சேர்க்க வேண்டாம், அதே வரியை இரண்டாம் முறை பாடி மேலே அடுக்கவும் வேண்டாம். ஒற்றைக் குரலாக இருந்தால் ஒரு டிராக்கைத் திறந்தால் போதும்.

வெளியிட்ட பிறகு மாற்றுவதிலும் ஒரு நடைமுறை இருக்கிறது. யூடியூபில் ஏற்றிய வீடியோவில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம், புதுக் குரலை நுழைக்க முடியாது; புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். இசைத் தளங்களுக்கு வரி மாறிய பாட்டு வேறு பதிவுதான். பழைய ஐஎஸ்ஆர்சி (ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்) எண்ணையே போட்டு அனுப்பாமல் புது எண் வாங்குங்கள்.

வீட்டில் எடுத்ததா என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். வேலை போனவர்களையும் குற்றத்துக்குள் விழுந்தவர்களையும் பாடும் பாட்டுகளை புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் வீட்டிலேயே நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் கேசட்டில் இருந்ததையே அதே ஆண்டு வெளியிட்டார். அதை இசைத்தட்டாக வெட்டுவதற்குள் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு) ஆட்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. 24 பிட் பதிவில் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்டூடியோவுக்கு அறை ஈடாகாத இடமும் உண்டு: நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒன்றாக வாசிப்பது. 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி நீல் யங் எழுதிய பாட்டை மே 21 அன்று குழுவாக ஸ்டூடியோவில் நின்று வாசித்தே பதிந்துவிட்டார்கள். ஜூனில் அது மக்களிடம் போய்விட்டது. டிரம் செட், பல தோல்கருவிகள், முழு இசைக்குழு என்றால் நானும் ஸ்டூடியோவையே சொல்வேன். வாத்தியத்தை அங்கே முடித்துக்கொண்டு, குரலை மட்டும் அறையில் எடுப்பது நல்ல சமரசம். ஸ்டூடியோவில் பாடியதை வழிகாட்டிக் குரலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பத்துப் பேர் கோரஸைச் சின்ன அறையில் எடுப்பது பற்றி அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்குப் பழக்கம் இரண்டு மூன்று பேரோடுதான்.

கூட்டக் குரலுக்குத் தெருவை மிஞ்ச ஒன்றுமில்லை. அங்கே எடுக்க வேண்டியது பல்லவியை மட்டும். மாறாத வரிகள் பல்லவியில்தானே இருக்கின்றன. 32 பிட் ஃபுளோட் (மிகப் பெரிய சத்தத்தையும் ஃபைலில் அடக்கும் பதிவு முறை) ரெக்கார்டர் இருந்தால் ஃபைலில் ஒலி உடையாது. ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை அதுவும் காப்பாற்றாது, ஆகவே பறைக்கு ஒரு மீட்டருக்குள் போக வேண்டாம். ரெக்கார்டரைத் தலைக்கு மேலே, 2 மீட்டர் உயரத்தில், பாடுகிறவர்களைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். தோல்கருவிகள் அவர்களுக்குப் பின்னால் நிற்கட்டும். காற்றுக்கு ஃபோம் உறை பத்தாது, முடி வைத்த உறை வேண்டும். ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து நேரடியாக எடுத்தால் ரெக்கார்டரின் மைக் உள்ளீட்டில் செருகாமல் லைன் உள்ளீட்டில் (மைக்கைவிட வலுவான சிக்னலுக்கானது) செருகுங்கள்.

கூட்டம் இரண்டு விஷயத்தில் கைவிடும். வேகம் ஏறிக்கொண்டே போகும், சுருதி இறங்கிக்கொண்டே வரும். தாளக்காரர் ஒருவர் காதில் கிளிக் (வேகத்தைக் காட்டும் டிக்டிக் ஒலி) ஓடவிட்டு, பாடத் தொடங்கும் முன் சுருதிப் பெட்டியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மூன்று முறை பாட வைத்து, இரண்டாவதையோ மூன்றாவதையோ எடுத்துக்கொள்ளுங்கள்; முதல் முறை பாதிப் பேர் வரியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பதிவில் யார் குரல் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பாட்டுக்கு நடுவே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், பக்கத்தில் இருவர் அந்தரங்கமாகப் பேசியிருப்பார்கள். ரெக்கார்டர் ஃபைலில் தேதியும் நேரமும் இருக்கும். போனில் எடுத்ததென்றால் இடமும் இருக்கலாம், சில பதிவுச் செயலிகள் இடத்தின் பெயரையே ஃபைலுக்குப் பெயராக வைக்கும். கோரஸை மட்டும் வெட்டிப் புதிய ஃபைலாக ஏற்றுமதி செய்து மிக்ஸில் சேருங்கள். மூலத்தை இணையத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாமல், இணைப்பில்லாத டிஸ்க்கில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.