5 லட்சமா, 28 நாளா?

குமரி மாவட்டத்தில் தேர்தல் வந்தால் புற்றுநோய்ப் பேச்சும் வரும். ஆனால் மணவாளக்குறிச்சியின் கதிரியக்கத் தாது மணலோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். மணல் விவகாரம் முக்கியம்தான். ஆனால் மார்பில் கட்டி தெரிந்த ஒரு பெண்ணுக்கு எத்தனை நாளில் பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு கிடைக்க வேண்டும் என்று எந்த வேட்பாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது நம் முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில் காப்பீட்டு அட்டை. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லும், பட்டியலில் உள்ள தனியாரிடமும் செல்லும். நகையை அடகு வைக்காமல் கீமோ முடித்த குடும்பங்களிடம் போய் இதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அட்டையின் வேலை பெரும்பாலும் நோய்க்குப் பெயர் வைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆறாத வாய்ப்புண்ணுக்கு மெடிக்கலில் ஆயின்ட்மென்ட், அப்புறம் பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை, அப்புறம் ஸ்கேன் என்று கழியும் வாரங்களுக்கு அட்டையில் பதில் இல்லை. நோய் முற்றுவது அந்த வாரங்களில்தான்.

இரண்டாவது, எல்லை தாண்டுவது. 1956 நவம்பர் 1 வரை நமக்குத் தலைநகரே திருவனந்தபுரம்தான். அதனால் 1981இல் உருவான அங்குள்ள ஆர்சிசி என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவது விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு வெளியூர்ப் பயணமாகவே தோன்றாது. சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 700 கிலோமீட்டர், இது 70க்குள். சிகிச்சையிலும் குறை சொல்வதற்கில்லை. சிக்கல் வேறு. கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரம் 5 நாள், பல நேரம் 5, 6 வாரம். அறை வாடகை, கூட இருப்பவரின் கூலி எல்லாம் கையிலிருந்து போகும். கேரள அரசின் காருண்யா மருத்துவ உதவித் திட்டம் அவர்கள் மக்களுக்கு. அதைவிட முக்கியம், வரிசை நீண்டால் நாம் யாரைக் கேட்பது? அந்த ஊர் அமைச்சருக்கு நம் ஓட்டு இல்லை.

 

மூன்றாவது, அரசு ஆஸ்பத்திரிக்கே நாள் கெடு வைப்பது. இங்கிலாந்தில் இது முழு அரசியல் பிரச்சினை. சந்தேகம் வந்து ரெஃபர் செய்தால் 2 வாரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. டாக்டரைப் பார்த்தால் மட்டும் போதுமா, என்ன நோய் என்று தெரிய வேண்டாமா? 2023இல் அதை எடுத்துவிட்டு, 28 நாளுக்குள் புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும் என்று மாற்றினார்கள். 62 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இன்னொரு கெடு. அதை 85 சதவீதம் பேருக்கு எட்ட வேண்டும். பல ஆண்டுகளாக எட்டவில்லை. அப்படியானால் தோல்விதானே என்பீர்கள். ஆனால் எட்டவில்லை என்பது மாதா மாதம் எண்ணாக வெளிவருகிறது. எதிர்க்கட்சி அதை எடுத்து அடிக்கிறது, அரசு நெளிகிறது. இங்கே நெளிய வைக்க ஒரு எண்ணும் இல்லை.

2023இல் அரசு வீடு வீடாக அழைப்பு கொடுத்து வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியபோது, எடுத்த நான்கு மாவட்டங்களில் குமரியும் ஒன்று. நல்ல தொடக்கம். கூப்பிட்டுச் சோதித்து, சந்தேகம் என்று சீட்டு எழுதி அனுப்பிய பிறகு கெடு இல்லையென்றால் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பியதாகிவிடும்.

முதலில் காலியிடங்களை நிரப்புங்கள், அப்புறம் கெடு பேசலாம் என்று அரசு டாக்டர்கள் கேட்டால் அது நியாயம். ஆனால் பயாப்சியைச் சோதிக்கும் நோயியல் பிரிவில் ஆள் இல்லை என்பது, முடிவு தாமதமாவது கணக்கில் ஏறினால்தான் கோட்டைக்குக் கேட்கும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. அட்டையும் இருக்கட்டும், சிகிச்சைச் செலவுக்கு அது வேண்டும். கட்சிகளுக்கு அட்டை பிடிப்பதன் காரணமும் தெரிந்ததே: அதில் படம் போடலாம், கெடுவில் போட முடியாது. ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரெஃபர் சீட்டு வந்த தேதிக்கும் முடிவு சொன்ன தேதிக்கும் நடுவே சராசரியாக எத்தனை நாள் என்று மாதம் ஒரு தாள் ஒட்டட்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அந்தத் தாளை நீட்டிப் பேசலாம்.