சைபர்பங்க் 2077: எந்தக் கதவைத் திறந்தாலும் அதே ஆறு மாதம்

சைபர்பங்க் 2077 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் முடிவுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் நேரே கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது அங்கே இருக்கிறது. அந்தப் பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். ஃபோட்டோ கொப்பி, விண்ணப்பப் படிவம், ஒன்லைன் பதிவு என்று பகல் முழுக்க அடுத்தவர் வேலைக்காகத் திரையைப் பார்க்கிறவளுக்கு, இரவில் கதையுள்ள ஒரு ரோல் பிளேயிங் கேம் கிடைத்தால் அதுதான் ஓய்வு. சைபர்பங்க் 2020 டிசம்பரில் வந்தபோது அதன் கோளாறுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். சோனியே தன் கடையிலிருந்து அதைச் சில மாதங்கள் எடுத்து வைத்திருந்தது. நான் வாங்கியது 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய புதுப்பிப்பு வந்த பிறகு. கிட்டத்தட்ட 70 ஜீபியை இரவு டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இடி இடித்தால் ரவுட்டரைக் கழற்ற வேண்டும், மழை விட்டதும் மறுபடி மாட்ட வேண்டும். இறக்கி முடித்ததும் கிடைத்தது அருமையான விளையாட்டு. கதை நடக்கும் நைட் சிட்டியின் தெருக்கள், வண்டி ஓட்டம், குரல் நடிப்பு எதிலும் எனக்குக் குறையில்லை.

நாம் வீ என்ற கூலிப்படை ஆள். நான் பெண் வீயாக விளையாடினேன். ஒரு திருட்டு பிசகி, தலைக்குள் போட்ட சிப்பிலிருந்து செத்துப்போன பாடகன் ஜானி சில்வர்ஹேண்ட் எழுந்து வருகிறான். கீயானு ரீவ்ஸ்தான் ஜானி. அந்த சிப் வீயைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து அவனை அவள் உடம்பில் குடியேற்றுகிறது. வீ பிழைப்பாளா? கதை முழுக்க இந்த ஒரே கேள்விதான்.

சோகத்தை நான் குறை சொல்லவில்லை. வீயின் நண்பன் ஜாக்கி வெல்ஸ் ஆரம்பத்திலேயே சாகிறான், நாம் என்ன செய்தாலும் சாகிறான். அதை ஏற்றுக்கொண்டேன். ஏனென்றால் அவன் உடலை எங்கே அனுப்புவது என்று விளையாட்டு நம்மைக் கேட்கிறது. அம்மாவிடம் அனுப்பினால், அந்த அம்மா நடத்தும் மதுக்கடையில் அவனுக்குப் படையல் வைக்கிறார்கள். அவன் பொருள்களில் ஒன்றை நாமே எடுத்து வந்து படத்துக்கு முன் வைத்து நாலு வார்த்தை பேச வேண்டும். நான் அதைச் செய்துகொண்டிருந்தபோது என் அம்மா பின்னால் வந்து நின்று, "யாரு புள்ள செத்தது?" என்று கேட்டார். சொன்னேன். பேசி முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். சாவைத் தடுக்க முடியாவிட்டாலும், அதை எப்படிச் சுமப்பது என்பது நம் கையில் இருந்தது.

கடைசியில் அந்தக் கை இல்லை. எத்தனை வழி இருக்கிறது என்று பாருங்கள். பனாமின் நாடோடிக் கூட்டத்தோடு, அந்த சிப்பைச் செய்த அராசாகா கம்பனியின் கோபுரத்துக்குள் நுழையலாம். ஜானியின் பழைய சிநேகிதி ரோக்கோடு, வீயின் உடம்பில் அவனையே அனுப்பலாம். அராசாகாவிடமே சரணடையலாம். ஒளித்து வைத்த ஒரு பாதையும் உண்டு. எண்ணெய் வயலில் ஜானி புதைக்கப்பட்ட இடத்தில் சரியான பதில்களைச் சொல்லியிருக்க வேண்டும், பிறகு மொட்டை மாடியில் எதையும் தேர்ந்தெடுக்காமல் நிமிடக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது ஜானி, நாம் இருவர் மட்டும் போவோம் என்கிறான். தன்னந்தனியாக அந்தக் கோபுரத்தை உடைக்க வேண்டும், நடுவில் செத்தால் விளையாட்டே முடிந்தது, பெயர்ப்பட்டியல் ஓடிவிடும். உள்ளங்கை வேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை முடித்தேன். முடித்ததும் கணினி வலைக்குள் வாழும் ஆல்ட் வந்து மற்றப் பாதைகளில் சொன்னதையே சொல்கிறாள்: உன் உடம்பு உன்னை ஏற்காது, உனக்கு ஆறு மாதம்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பறிக்கும் கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள். அநியாயம்தான், ஆனாலும் கணக்காவது புரியும். இங்கே கிலோவுக்கு மேலே எடுத்துக் கொட்டிய பிறகும் அரைப்பேர் போட்ட மாதிரி இருந்தது.

சைபர்பங்க் வகைக் கதையே அப்படித்தான், நகரம்தான் எப்போதும் ஜெயிக்கும் என்று சிலர் சொல்வார்கள். மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் இதை மேசை விளையாட்டாக உருவாக்கிய காலத்திலிருந்து அந்த உலகம் கருணையில்லாதது என்பது சரி. ஆனால் நாவலில் எழுத்தாளர் நடக்கிறார், நாம் பார்க்கிறோம். இங்கே நடப்பது நாம். ஒவ்வொரு பேச்சிலும் மூன்று பதிலை நீட்டி, யாரைக் காப்பாற்றுகிறாய் என்று இரவிரவாகக் கேட்டுவிட்டு, கடைசிக் கேள்விக்கு மட்டும் விடையை முன்பே எழுதி வைத்திருந்தால், அதுவரை கேட்டதெல்லாம் எதற்கு?

சைபர்பங்கைச் செய்த சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனமே 2015இல் தந்த விட்சர் 3 இதை எவ்வளவு நியாயமாகச் செய்தது! அங்கேயும் படுபயங்கரமான முடிவு உண்டு. வளர்ப்பு மகள் சிரி திரும்பி வராமல், நாம் விளையாடும் கெரால்ட் சதுப்பு நிலத்துக் குடிசையில் தனியாக உட்கார்ந்திருப்பான். ஆனால் அது சின்னச் சின்ன இடங்களில் நாம் செய்ததன் பலன். அவள் சோர்ந்திருந்தபோது பனி உருண்டை எறிந்து விளையாடினோமா, அவளுக்கு உதவிய ஸ்க்யாலின் கல்லறைக்கு அவள் போக வேண்டும் என்றபோது கூடப் போனோமா என்பதையெல்லாம் விளையாட்டு நினைவில் வைத்திருக்கிறது. அந்த முடிவு கிடைத்தவர் அழலாம், ஆனால் ஏமாற்றப்பட்டேன் என்று சொல்ல முடியாது.

சைபர்பங்கிலேயே அந்த நியாயம் ஓரிடத்தில் இருக்கிறது, ஃபேண்டம் லிபர்ட்டி என்ற விரிவாக்கத்தில். வீயைக் குணப்படுத்துவேன் என்று வாக்குக் கொடுக்கிறாள் சோ மி என்ற ஹேக்கர். அவளை நம்பி விண்கலம் கிளம்பும் தளம்வரை கூட்டிப்போனால், கடைசி ரயிலில் உண்மை வருகிறது: மருந்து ஒருத்திக்குத்தான். அவளுக்கு நடக்கக்கூட முடியவில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம். வழியில் அவளைப் பிடிக்க வந்த அரசாங்க உளவாளி ரீட் நிற்கிறான். அவளைக் கொடுத்தால் எனக்குச் சிகிச்சை, கொடுக்காவிட்டால் அவனைச் சுட வேண்டும். ரீட் கெட்டவனும் இல்லை. நான் சுட்டேன், சோ மியை நிலவுக்கு அனுப்பினேன். மனசு கனத்துப் போனது, ஆனால் கோபம் வரவில்லை. யாருக்காக எதை இழந்தேன் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு (சேவ்) திரும்பிப் போய் அவளை ஒப்படைத்தும் பார்த்தேன். வீ பிழைக்கிற ஒரே முடிவு அதுதான். இரண்டு வருடம் நினைவில்லாமல் கிடந்து எழுகிறாள், சண்டைக்கான கருவி எதையும் இனி உடம்பு தாங்காது. ஒவ்வொருவராக ஃபோன் எடுக்கிறாள். தோழி ஜூடி வேறு ஊரில் கல்யாணம் முடித்துவிட்டாள். பனாம் பேசத் தயாராக இல்லை. வைத்தியர் விக்டரின் கிளினிக் கம்பனி கைக்குப் போய்விட்டது. இந்தக் காட்சி பொய் என்று என்னால் சொல்ல முடியாது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தாவின் அண்ணன் குடும்பம் கோத்தகிரிப் பக்கம் போனது. முதலில் கடிதம் வந்ததாம், பிறகு குறைந்ததாம், பிறகு நின்றே போனதாம். பிரிந்தவர்கள் வாழ்க்கை நமக்காகக் காத்திருக்காது என்பது எங்கள் வீட்டுக்குத் தெரிந்த விஷயம். 1964இல் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று கொழும்பும் டெல்லியும் பேசி முடித்தபோது எங்கள் ஆட்களை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு இது இத்தனை உறுத்துகிறது. யாரோ எழுதிய முடிவை வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவள், "நீயே தேர்ந்தெடு" என்று அட்டையில் போட்டு விற்கிற பொருளை வாங்கும்போது அதை முழுசாக நம்பி வாங்குகிறேன்.

எழுதியவர்கள் திருந்தவே முடியாது என்றும் இல்லை. மாஸ் எஃபெக்ட் 3 விளையாட்டின் முடிவுக்கு 2012இல் எழுந்த எதிர்ப்பில் அதைச் செய்த பயோவேர் அதே வருடம் ஜூனில் விரிவான முடிவுகளை இலவசமாகத் தந்தது. ஃபால்அவுட் 3இன் முடிவுக்குப் பிறகும் விளையாட்டைத் தொடர 2009இல் புரோக்கன் ஸ்டீல் என்ற விரிவாக்கம் வழி செய்தது. நான் கேட்பது எல்லோரும் சிரிக்கும் முடிவை இல்லை. எல்லோருக்கும் உதவி, ஒவ்வொரு வேலையையும் முடித்து, அந்தத் தனிப் பாதையையும் தாண்டி வந்தவருக்கு, விலை ஒன்றைக் கொடுத்தாவது வீ உயிரோடு, தெரிந்த முகங்களோடு இருக்கிற ஒரு கதவு. ஒன்றே ஒன்று.

சரி, வாங்கலாமா? வாங்கலாம், சலுகை விலை வரும்போது. ஃபேண்டம் லிபர்ட்டியையும் சேர்த்தே வாங்குங்கள், கதையின் சிறந்த பகுதி அதுதான். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டு கட்டாயம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு, தம்பி தங்கை இருக்கும் அறையில் வேண்டாம். தமிழ் வசனம் கிடையாது, ஆங்கில எழுத்தை வேகமாக வாசிக்க வேண்டியிருக்கும். எம்பர்ஸ் என்ற உணவகத்தில் ஹனாகோ அராசாகாவைச் சந்தித்துவிட்டால் திரும்ப வழியில்லை, அதற்கு முன் தனியாக ஒரு சேவ் வையுங்கள். பனாமின் வேலைகளை அதற்குள் கடைசிவரை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவள் பாதை திறக்காது. இருப்பதில் மனசுக்குக் கொஞ்சமாவது ஆறுதல் தருவது அதுதான்: ஆறு மாதம் தான் என்றாலும், அரிசோனாவில் உதவ ஆள் இருக்கலாம் என்று சொல்லி நாடோடிக் கூட்டம் அவளை நைட் சிட்டியிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறது. மற்ற முடிவுகளைப் பார்த்துவிட்டு அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.