மத்தேராவில் ராத்தங்கல்: குகை அறையா, மேல் ஊரா, பாரியிலிருந்து பகலோடு பகலாகவா?

தெற்கு இத்தாலியில், பசிலிக்காத்தா மாநிலத்தில் இருக்கிறது மத்தேரா. குகை வீடுகளின் படத்தைப் பார்த்து மயங்கி டிக்கெட் போடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: ராத்திரி எங்கே தங்குவது? வழி மூன்று. கடலோர நகரமான பாரியில் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்புவது ஒன்று. சஸ்ஸி என்கிற பழைய குகைக் குடியிருப்புக்குள்ளேயே அறை எடுப்பது இரண்டு. சஸ்ஸிக்கு மேலே, சமதளத்தில் இருக்கும் புது ஊரில் தங்குவது மூன்று. அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனதால் குகையில் பாதி, மேலே பாதி என்று முதலிலேயே பிரித்து அறை போட்டிருந்தோம். இனி ஒரு முறை போனால் மேலேதான் தங்குவேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கிரவீனா ஓடை அறுத்த ஆழமான பள்ளத்தாக்கின் மேற்குக் கரையில் இரண்டு குடைவான சரிவுகள். வடக்கே சஸ்ஸோ பரிசானோ, தெற்கே சஸ்ஸோ கவெயோசோ. நடுவே துருத்தி நிற்கும் மேடு சிவிதா. அதன் உச்சியில் 13ஆம் நூற்றாண்டு கதீட்ரல். இவை எல்லாவற்றுக்கும் பின்னால், தட்டையாக, 'பியானோ' என்று அவர்கள் சொல்லும் மேல் ஊர். ரயில் நிலையம், மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட், வித்தோரியோ வெனெத்தோ சதுக்கம் எல்லாம் அங்கேதான். அதாவது பார்க்க வேண்டியவை கீழே, வேண்டியவை மேலே. நடுவில் படிகள், படிகள், படிகள். வழுவழுவென்று தேய்ந்த கல் படி. உருளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு அதில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பாரியிலிருந்து பகலில் வந்து திரும்புகிற யோசனையைச் சுருக்கமாகவே சொல்லலாம். அரசு ரயில்வேயின் வண்டி மத்தேராவுக்கு வராது, நான் போனபோது அப்படித்தான். பாரி பெரிய நிலையத்தின் பக்கத்திலேயே அப்புலோ லுக்கானே என்ற குறுகிய பாதை ரயில்வேக்குத் தனி நிலையம் இருக்கிறது. அல்தமூரா வழியாக ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு முன்பின். ஞாயிறும் விடுமுறை நாளும் அட்டவணையே வேறு, பார்த்துக்கொள்ளுங்கள். ஊரைப் பார்த்தோம் என்று சொல்ல இது போதும். ஆனால் நீங்கள் இறங்கும் நேரத்தில்தான் சுற்றுலா பஸ்களும் இறக்கிவிடும். அவை கிளம்பிய பிறகு விளக்கேற்றிய சரிவுகளை நிதானமாகப் பார்க்கலாம் என்றால், உங்கள் கண் கடிகாரத்தில் இருக்கும். ஒரு ராத்திரியாவது தங்க முடிந்தால் தங்கிவிடுங்கள்.

ஆக, போட்டி குகைக்கும் மேல் ஊருக்கும்தான்.

குகை அறையின் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருந்தது கவெயோசோ பக்கம். கதவைத் திறந்தால் வளைந்த கூரை, பொன் கலந்த வெள்ளை நிறப் பாறை, யாரோ என்றைக்கோ கொத்திய கொத்துத் தடம் சுவர் முழுக்க வரிவரியாக. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பாறைக்குள் கிளிஞ்சல் துண்டுகள் தெரிந்தன. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த கல். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஏ.சி. தேவைப்படாத குளிர்ச்சி. விடியற்காலையில் கதவைத் தாண்டினால் சாந்த மரிய தெ இத்ரிஸ் பாறைக் கோயில் எதிரே நிற்கிறது, தெருவில் ஆள் இல்லை. போர்த்தா பிஸ்தோலாவிலிருந்து இறங்கி, தொங்குபாலத்தில் ஓடையைக் கடந்து எதிர்ச் சரிவுக்கு ஏறிப் போவதற்கும் கீழே இருப்பவர்களுக்குத்தான் தூரம் குறைவு. காலை வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து ஊரின் முகத்தில் விழும். படம் எடுக்கிறவர்கள் அந்த நேரத்தை விடக்கூடாது.

சரி, குறை என்ன? ஈரம். இந்த ஒன்றுதான் எனக்கு முடிவைத் தீர்த்தது.

சாயங்காலம் துவைத்துப் போட்ட துண்டு காலையில் அப்படியே ஈரமாக இருந்தது. உப்புக் குப்பியிலிருந்து உப்பு விழவில்லை. மூலையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். காலையில் அதன் வாளியைப் பார்த்தால் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கிறது! அம்மாவுக்கு லேசான இளைப்பு உண்டு. முதல் ராத்திரியே எழுந்து உட்கார்ந்துகொண்டு, "கல்லு மூச்சு விடுதுடா, எனக்குத்தான் விட முடியல" என்றாள்.

இது அந்த ஒரு விடுதியின் குறை இல்லை, பாறையின் குணம். மத்தேராவின் கல் கால்கரனைட் எனும் மெத்தென்ற சுண்ணாம்புப் பாறை. உடம்பெல்லாம் நுண்துளை. மெத்தென்று இருப்பதால்தான் கையால் குடைய முடிந்தது. துளை இருப்பதால்தான் மண்பானை மாதிரி கசிகிறது. இதோடு, ஒரு வீட்டின் கூரைதான் இன்னொருவருக்குத் தெரு அல்லது முற்றம். மேலே பெய்த மழை நம் தலைக்கு மேல் எங்கேயோ இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பழைய ஆட்கள் அதைக் கால்வாய் வெட்டித் தொட்டிகளில் சேர்த்தார்கள். வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் பலொம்பாரோ லுங்கோ தொட்டி மட்டுமே ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் கொள்ளும். அதன் உள்சுவரில் ஓட்டுத்தூள் சாந்து பூசியிருப்பதைப் பாருங்கள். தண்ணீரைத் தேக்க வேண்டுமென்றால் இந்தக் கல்லுக்குப் பூச்சு தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஜனம் பெருகியது. தொட்டியாகவும் தொழுவமாகவும் கிடங்காகவும் இருந்த குடைவுகளில் குடும்பங்கள் குடியேறின. விகோ சொலித்தாரியோவில் இருக்கும் குகை வீட்டு அருங்காட்சியகத்தில் அந்த வாழ்க்கையை அப்படியே வைத்திருக்கிறார்கள்: உயரமான கட்டில், அதன் கீழே கோழி, உள்ளே கோவேறு கழுதைக்கு இடம். 1948இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தொலியாத்தி இதைத் தேசத்தின் அவமானம் என்றார். 1950இல் பிரதமர் தெ காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952இல் சட்டம் போட்டு, ஏறத்தாழ 15,000 பேரைப் படிப்படியாகப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். நெரிசல், மலேரியா, சிசு மரணம் எல்லாம் காரணங்கள். காற்றில்லாத, ஈரம் ஊறிய அறைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. 1986இல் இன்னொரு சட்டம் வந்து சீரமைப்பு தொடங்கியது, 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாம் காசு கொடுத்துப் படுக்கிறது அன்றைக்கு ஆட்களை வெளியேற்றிய அதே அறைகளில்தான். குளியல் தொட்டியும் மின்சாரமும் வந்துவிட்டன, பாறை மாறவில்லை.

அதனால் குகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், அறை போடும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: முழுக்கக் குடைந்ததா, 'லமியோனே'வா? குடைந்தெடுத்த கல்லையே செங்கல் போல அறுத்து, குகை வாயிலுக்கு முன்னால் வளைவுக் கூரையோடு கட்டிய முன்னறைதான் லமியோனே. கட்டில் அதில் இருந்தால் ஜன்னலும் காற்றும் கிடைக்கும், பின்னால் இருக்கும் குகையைக் குளியலறையாகவோ உட்காரும் இடமாகவோ அனுபவித்துக்கொள்ளலாம். பரிசானோ பக்கம் இந்த மாதிரிக் கட்டிய வீடுகள் அதிகம். கவெயோசோவில் குடைவு அதிகம். விளம்பரப் படத்தில் மெழுகுவர்த்தி நிறைய இருந்தால் அறையில் ஜன்னல் இல்லை என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

மேல் ஊரில் நாங்கள் எடுத்தது ரிதோலா தெருவுக்குப் பக்கத்தில், சரிவின் விளிம்பை ஒட்டிய ஒரு சாதாரண மாடி அறை. அழகு என்று எதுவும் இல்லை, நாலு சுவர், ஒரு பால்கனி. ஆனால் துண்டு காய்ந்தது, அம்மா தூங்கினாள். இரண்டு நிமிடம் நடந்தால் பஸ்கோலி சதுக்கத்தின் கைப்பிடிச் சுவர். அங்கே நின்றால் கவெயோசோ முழுக்கக் காலடியில். குகைக்குள் படுத்திருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சிக்குப் படியேறித்தான் வர வேண்டும். காலையில் பேக்கரிக்குப் போய், கோதுமை ரவை மாவில் செய்த மத்தேரா ரொட்டியைச் சூடாக வாங்கி வந்தோம். மேலோடு முறுகல், உள்ளே மஞ்சள், ஒரு வாரம் வைத்துச் சாப்பிடலாம். சைவக்காரர்களுக்கு அதோடு மொச்சை மசியலும் கீரையும், எண்ணெயில் பொரித்த வற்றல் குடைமிளகாயும் இருந்தால் சாப்பாடு முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு தரம் இறங்கி, ஒரு தரம் ஏறினால் போதும். அம்மா முடிந்த அளவு வந்துவிட்டு, மிச்ச நேரம் மேலே நிழலில் உட்கார்ந்திருந்தாள். விலையும் கீழே இருப்பதைவிடக் குறைவு.

நாங்கள் போனது இளவேனிலில். ஜூலை, ஆகஸ்டு வெயிலில் அந்தக் குகைக் குளிர்ச்சிக்காகவே ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று போய் வந்த நண்பர்கள் சொல்கிறார்கள், மறுக்க என்னிடம் அனுபவம் இல்லை. இளைப்பும் மூட்டுவலியும் இல்லாத இளம் ஜோடிகள் ஒரு ராத்திரி குகையில் படுத்துப் பார்க்கட்டும், அதற்குமேல் வேண்டாம் என்பேன். குழந்தையோ பெரியவர்களோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், மேலே போடுங்கள்.

ஒரு தேதிக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஜூலை 2, புருனா மாதா திருவிழா. அன்று ராத்திரி காகிதக்கூழில் செய்த தேரை ஊர்வலமாகக் கொண்டுவந்து, வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்தில் கூட்டமே பாய்ந்து பிய்த்தெடுக்கும்; பிறகு வாணவேடிக்கை. மேல் ஊர் அறைக்காரர்களுக்கு அன்று தூக்கம் கிடையாது. அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே அறை போட்டுவிடுங்கள், மேலோ கீழோ கிடைப்பதே பெரிது.