இரிடியம் விலையில் நிக்கல் பிளக்: சுங்கை சிப்புட் வட்டாரக் கார் உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எஞ்சினில் தீப்பொறி எழுப்பிப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில், முனை இரிடியம் உலோகத்தால் ஆனது என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, சாதாரண நிக்கல் பிளக்கைப் பொருத்தி அனுப்பும் வேலை நம் வட்டாரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அதில் முதலில் 280 ரிங்கிட்டையும், அதனால் விளைந்த சேதத்தைச் சரிசெய்ய மேலும் 320 ரிங்கிட்டையும் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். புகார் இன்னும் முடிவாகாத நிலையில் பட்டறையின் பெயரைச் சொல்வது முறையாகாது. ஆனால் அங்கே பின்பற்றப்படும் வழிமுறையை அறிந்துகொண்டால், எந்தப் பட்டறையில் அது நடந்தாலும் உங்களால் அடையாளம் காண முடியும்.

எஞ்சின் எண்ணெய் மாற்றுவதற்காக எனது 2014ஆம் ஆண்டு மைவி காரை அங்கே விட்டிருந்தேன். சற்று நேரத்தில் அங்கு வேலை செய்யும் இளைஞர் ஒரு பிளக்கைக் கழற்றி எடுத்து வந்து, "அண்ணே, பாருங்க, கம்ப்ரெஷன் லீக் ஆகுது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை இதை மாத்தியே ஆகணும், இல்லன்னா எஞ்சின் போயிடும்" என்றார். கம்ப்ரெஷன் லீக் என்றால் எஞ்சினுக்குள் அழுத்தப்படும் வாயு வெளியே கசிவது. வெள்ளைப் பீங்கான் பகுதியில், இரும்பு உடலுக்குச் சற்று மேலே, தேநீர்க் கறைபோல் பழுப்பு வளையம் ஒன்று படிந்திருந்தது. அதைத்தான் விரலால் தேய்த்துக் காட்டினார். ஒன்று 55 ரிங்கிட் வீதம் நான்கு இரிடியம் பிளக், கூலி 60 ரிங்கிட் என்று வாட்ஸ்அப்பில் விலைக் குறிப்பு வந்தது. ரசீதிலோ வெறுமனே 'பிளக் 4' என்று மட்டும் எழுதினார்கள். பழைய பிளக்குகளைக் கேட்டபோது குப்பைக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது.

அந்தப் பழுப்பு வளையத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பயமுறுத்தலின் வேரே அதுதான். பிளக்கில் உயர் மின்னழுத்தம் பாயும்போது பீங்கானைச் சுற்றி மெல்லிய மின்கசிவு ஏற்படுகிறது. காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்கள் அதனால் ஈர்க்கப்பட்டுப் பீங்கானில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குக் கொரோனா கறை என்று பெயர். நன்றாக ஓடிய பிளக்குகளில் இது சாதாரணமாகக் காணப்படுவது, பிளக்கின் வேலையையும் இது பாதிப்பதில்லை. பிளக்கின் உண்மை நிலையை அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது மறுமுனையை, அதாவது தீப்பொறி பாயும் முனையை. அங்கே வெளிர் பழுப்போ சாம்பல் நிறமோ இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. கரிபோல் உலர்ந்த கறுப்பு நிறம், பெட்ரோல் அதிகம் சேர்வதையும், எண்ணெய் ஈரம் எஞ்சினுக்குள் எண்ணெய் கசிவதையும், வெளுத்துக் கொப்புளம் கட்டியிருப்பது அதிக வெப்பத்தையும் காட்டும். அந்த முனையை அந்த இளைஞர் என் பக்கம் திருப்பவே இல்லை.

சில மாதங்கள் கழித்து, ஈப்போவுக்குப் போகும் வழியில் எஞ்சின் உதறத் தொடங்கி, எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. விளக்கு நிலையாக எரிவதைவிட இப்படி மின்னுவது அபாயகரமானது. எரியாத பெட்ரோல் புகைப்போக்கி வழியே சென்று, புகையின் நச்சைக் குறைக்கும் விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும் நிலை அது. மெதுவாக ஓட்டிப் போய் ஈப்போவில் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் காட்டினேன். கருவியைப் பொருத்திப் பார்த்ததில் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது என்ற குறியீடு வந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்துதான் அவர் கைவைத்தார். மற்ற மூன்றும் எளிதில் கழன்றுவிட, மூன்றாவது மட்டும் நீளமான கம்பியைப் போட்டு நெம்பியும் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. மரைகளுக்கு இடையே அலுமினியத் துணுக்குகள் பளபளத்தன. பீங்கானில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. அதன் வழியே மின்சாரம் முனைக்குப் போகாமல் இரும்பு உடலுக்குத் தாவியிருக்கிறது. "ஐயா, இதை யாரோ பலத்தைக் காட்டி முறுக்கியிருக்காங்க. அது போகட்டும், இதுல எங்க இருக்கு இரிடியம்?" என்று கேட்டுவிட்டு, நான்கையும் வரிசையாகத் துணியில் வைத்தார்.

நான்கின் நடு மின்முனைகளும் தடித்த ஆணிபோல் இருந்தன. இரிடியம் பிளக்கை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு மறக்காது: சாதாரண நிக்கல் பிளக்கில் நடுமுனை சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமன் உடையது. என்ஜிகே நிறுவனத்தின் இரிடியம் ஐஎக்ஸ் வகையில் அது 0.6 மில்லிமீட்டர், டென்சோவின் இரிடியம் பவர் வகையிலோ 0.4 மில்லிமீட்டர்தான். ஊசிமுனைபோல் இருக்கும். கருவி எதுவும் வேண்டாம், வெறுங்கண்ணே போதும். மாற்றும்போது பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள், முனையைப் பாருங்கள், பெட்டியில் உள்ள எண்ணும் பிளக்கின் மீதுள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற முத்திரைகளில் போலிகளும் புழங்குவதால், மெல்லிய முனை மட்டுமே அசல் என்பதற்குச் சான்றாகிவிடாது. தடித்த முனை இருந்தால் அது மெல்லிய முனை கொண்ட இரிடியம் அல்ல என்பது உறுதி.

இதைப் படித்துவிட்டு, காலமுறைப்படி பிளக் மாற்றுவதே ஏமாற்று வேலை என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். தீப்பொறி ஒவ்வொன்றும் மின்முனையைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. தீப்பொறி தாண்ட வேண்டிய முனைகளின் இடைவெளி அகல அகல, அதைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்பட்டு, அந்தச் சுமை பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் மேல் விழுகிறது. பிளக்குக்குச் செலவழிக்க மறுத்தவர் காயிலுக்கும் சேர்த்துச் செலவழிப்பது இப்படித்தான். எனவே கேட்க வேண்டியது மாற்றலாமா என்பதல்ல, எப்போது என்பது. நிக்கல் பிளக்குக்குப் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர். நிக்கல் 1,455 டிகிரி செல்சியசில் உருக, இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், நல்ல இரிடியம் பிளக்குகள் பல கார்களில் 100,000 கிலோமீட்டர்வரை தாங்குகின்றன. உங்கள் காருக்கு உரிய எண் கையேட்டில் இருக்கிறது. பட்டறைச் சுவரில் ஒட்டிய அட்டவணையை நம்ப வேண்டாம்.

ஈப்போ மெக்கானிக் சொன்ன விலையை வைத்தே கணக்குப் போட்டேன். நிக்கல் பிளக் ஒன்று 15 ரிங்கிட், கூலி 40 என்றால் ஒரு தடவைக்கு 100 ரிங்கிட். 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் 90,000 கிலோமீட்டருக்கு 300 ரிங்கிட். இரிடியம் ஒன்று 45 என்றால், அதே தூரத்துக்குக் கூலியோடு 220 ரிங்கிட்டில் ஒரே தடவையில் முடிந்துவிடும். தினமும் இங்கிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருபவர்களுக்கு இரிடியம் இலாபம்தான். இன்னும் ஓராண்டில் காரை விற்கப்போகிறவர்களுக்கு நிக்கலே போதும். அந்தப் பட்டறை சொன்னபடி 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை 280 ரிங்கிட் கொடுத்திருந்தால், அதே 90,000 கிலோமீட்டருக்கு 2,520 ரிங்கிட் ஆகியிருக்கும். கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரே பிளக், விலையும் சொற்பம்.

என் மனைவியின் அக்காளுக்கு அதே பட்டறையில் நேர்ந்தது இதைவிடத் துணிச்சலானது. அவருடைய காரில் இருந்து எடுத்ததாக எண்ணெய் சொட்டும் கறுத்த பிளக் ஒன்றைக் காட்டி, கையிலும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில், செம்பனைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் புல்வெட்டிய என் மாமனார் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மரைப்பகுதி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அக்காளுடைய காரின் பிளக்கில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். அது எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி இயந்திரத்தின் பிளக்.

பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது, "வேற எங்கயோ மாத்திட்டு வந்து எங்க மேல பழி போடுறீங்க" என்றார்கள். ஆகவே 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும், மலாயில் டிரிபுனல் துன்துத்தான் பெங்குனா எனப்படும் நடுவர் மன்றத்தில் மனுச் செய்திருக்கிறேன். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட்வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் விலைக் குறிப்பு, ரசீது, ஈப்போ மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு, கழற்றிய நான்கு பிளக்குகள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதேபோல் 'பிளக் 4' என்று மட்டும் எழுதிய ரசீது உங்களிடம் இருந்து, உள்ளே இருப்பது எது என்று தெரியாவிட்டால், வேறொரு மெக்கானிக்கிடம் ஒரே ஒரு பிளக்கையாவது கழற்றச் சொல்லி நடுமுனையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள்.