நீ எங்கேயிருந்தாய்? – 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' திரைப்படமும் யோபுவின் புத்தகமும்

டெரன்ஸ் மாலிக் இயக்கி, 2011-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' வேத வசனத்தோடு தொடங்கும் படம். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று, நீதிமானாயிருந்தும் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பற்றிய வேதாகமப் புத்தகத்தின் 38-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கேட்கும் கேள்விதான் திரையில் முதலில் வருகிறது. மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ்டவுனில் எங்கள் சபையின் குடும்ப ஐக்கியத்தில் இப்படத்தைத் திரையிட்டபோது, பிராட் பிட் நடித்த குடும்பப்படம் என்று நம்பி வந்தவர்களில் சிலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துன்பத்தையும் விசுவாசத்தையும் பற்றி நான் பார்த்த குடும்பப் படங்களில், யோபுவின் புத்தகத்தைச் சுருக்காமலும் இனிப்புப் பூசாமலும் எடுத்துக்கொண்ட படம் இது ஒன்றே.

டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில் 1950-களில் மூன்று மகன்களை வளர்த்த ஓபிரையன் தம்பதியரின் கதை இது. நடு மகன் பத்தொன்பது வயதில் இறந்துவிட்டதாகத் தந்தி வருகிறது. ஜெசிக்கா சாஸ்டெய்ன் நடித்திருக்கும் தாய் அதைப் பிரித்துப் படிக்கிறாள், சில அடிகள் நடக்கிறாள், பிறகு நிலைகுலைந்து போகிறாள். தந்தைக்குச் செய்தி விமானத் திடலில் தொலைபேசி வழியே வருகிறது. விமான இயந்திரத்தின் இரைச்சலில் அவர் என்ன பேசுகிறார் என்பது நமக்குக் கேட்பதே இல்லை. மகன் எப்படி இறந்தான் என்பதைப் படம் கடைசிவரை சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் துக்கத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்வோம் என்பதால்தான் இயக்குநர் அதை மறைத்திருக்க வேண்டும்.

அடுத்து வரும் துக்க வீட்டுக் காட்சிகள் நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமானவை. பாட்டி வந்து, காலம் போகப் போக வேதனை ஆறும் என்கிறாள். இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே என்கிறாள். கர்த்தர் கொடுப்பார், எடுப்பார், அவர் அப்படித்தான் என்றும் முடிக்கிறாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாக அவளுக்குத் தெரியவில்லை. "அவன் இப்போது தேவனுடைய கையில் இருக்கிறான்" என்று சொல்லப்படும்போது, "இத்தனை நாளும் அவருடைய கையில்தானே இருந்தான்?" என்று தாய் திருப்பிக் கேட்கிறாள். பினாங்கில் நான் கலந்துகொண்ட நினைவு ஜெபங்கள் பலவற்றிலும் பாட்டியின் வார்த்தைகள் ஏறக்குறைய அப்படியே சொல்லப்பட்டிருக்கின்றன. தாயின் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர் யாருமில்லை. யோபுவின் நண்பர்களான எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை தவறேதும் செய்யவில்லை என்பதையும், வாயைத் திறந்த பிறகுதான் கர்த்தரின் கோபத்துக்கு ஆளானார்கள் என்பதையும் பாட்டியின் காட்சி நினைவூட்டுகிறது.

தாயின் கேள்விக்கு விடை எதிர்பார்க்கும் இடத்தில் படம் உலகத்தின் தோற்றத்தையே காட்டத் தொடங்குகிறது. நட்சத்திரக் கூட்டங்கள், எரிமலைகள், முதல் உயிரணுக்கள், டைனோசர்கள் என்று கால் மணி நேரத்துக்கும் மேலாக நீளும் பகுதி இது. டைனோசர் வந்தவுடன் எங்கள் கூடத்தில் சிரிப்பொலி கேட்டது உண்மைதான். ஆனாலும் யோபுவுக்குக் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து கொடுத்த மறுமொழியும் இத்தகையதே: ஏன் துன்பம் வந்தது என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கடலையும் நட்சத்திரங்களையும் காட்டாடுகளையும் லிவியாதான் என்னும் பயங்கரமான கடல் மிருகத்தையும் காட்டுகிறார். பின்னணியில் ஒலிப்பது, போலந்து இசையமைப்பாளர் ப்ரைஸ்னர் மறைந்த நண்பருக்காக இயற்றிய இரங்கல் இசையின் ஒரு பகுதி. சிருஷ்டிப்பின் காட்சிக்குச் சாவு வீட்டு இசையைச் சேர்த்ததால், தாயின் அழுகை அண்டவெளியிலும் தொடர்ந்து ஒலிப்பதுபோல் இருக்கிறது.

பிராட் பிட் ஏற்றிருக்கும் தந்தை பாத்திரம் வில்லனாகச் சுருங்கிவிடாதது படத்தின் பெரிய பலம். இசைக்கலைஞராக ஆசைப்பட்டுப் பொறியாளராகிவிட்ட அவர், ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும்போது மட்டுமே நிம்மதியாகத் தெரிகிறார். வீட்டில் பிள்ளைகள் தம்மை 'சர்' என்றே அழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். நீதிமானாய் இருப்பதே துன்பத்துக்குக் காப்பு என்று யோபு எண்ணியிருந்ததைப் பற்றிப் போதகர் பிரசங்கிக்கும்போது அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பிறகு தொழிற்சாலை மூடப்படும்போது, ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை, ஞாயிறுதோறும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) செலுத்தினேன் என்று கணக்கு ஒப்பிக்கிறார். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பைக் கண்ட குடும்பங்கள் எங்கள் சபையில் உண்டு. இந்த வசனத்தின்போது கூடத்தில் யாரும் அசையவில்லை.

மூத்த மகன் ஜாக்கின் பகுதியை நான் இன்னும் மேலாக வைப்பேன். குளத்தில் ஒரு சிறுவன் மூழ்கி இறப்பதைக் கண்ட பிறகு, நீர் எங்கே இருந்தீர், ஒரு பையனைச் சாகவிட்டீரே, நீர் நல்லவராய் இல்லாதபோது நான் ஏன் நல்லவனாய் இருக்க வேண்டும் என்று அவன் தேவனிடம் மனத்துக்குள் கேட்கிறான். கர்த்தர் யோபுவிடம் கேட்ட கேள்வியைச் சிறுவன் அவரிடமே திருப்பிவிடுகிறான். படம் அவனைக் கண்டிக்கவும் இல்லை, அவனுக்குப் பதில் சொல்லவும் இல்லை. தந்தையைக் கொன்றுவிடும்படி ஜெபிக்கும் அதே பையன், தன்னை நம்பிக் காற்றுத் துப்பாக்கியின் முனையில் விரல் வைத்த தம்பியைச் சுட்டுவிட்டுத் தவிக்கிறான். "நான் வெறுக்கிறதையே செய்கிறேன்" என்ற அப்போஸ்தலன் பவுலின் வார்த்தையை அவன் முணுமுணுக்கும்போது அது மனப்பாட வசனமாக ஒலிக்கவில்லை. தம்பி அவனை மன்னிக்கும் காட்சியில் பேச்சு மிகக் குறைவு.

வளர்ந்த ஜாக்காக ஷான் பென் உயரமான கண்ணாடிக் கட்டடங்களுக்கிடையே அலையும் பகுதிகள் வெறுமையாக இருக்கின்றன. இறந்தவர்களும் இருப்பவர்களும் கடற்கரையில் ஒன்றுகூடும் முடிவுப் பகுதி அழகாகப் படமாக்கப்பட்டிருந்தாலும், யோபுவின் புத்தகம் கொடுக்கத் துணியாததை அது எளிதாகக் கொடுத்துவிடுகிறது. யோபுவின் ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பி வந்தன. பிள்ளைகளோ முன்போலவே ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும்தான், அவர்களும் புதிதாய்ப் பிறந்தவர்களே. இறந்துபோன முந்தைய பத்துப் பேரைப் பற்றி அந்த முடிவில் வேதம் ஒன்றும் பேசுவதில்லை. கடற்கரைக் கூடுகையைக் காட்டாமல், மகனை உம்மிடம் ஒப்புக்கொடுக்கிறேன் என்று தாய் கைகளை உயர்த்துவதோடு மட்டும் முடித்திருந்தால், இந்த 139 நிமிடப் படம் பழுதின்றி நின்றிருக்கும்.

சபைகளில் திரையிட நினைப்பவர்கள் ஒலிபெருக்கியை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது அவசியம், ஏனெனில் முக்கியமான வசனங்கள் பெரும்பாலும் கிசுகிசுப்பாகவே வருகின்றன; எங்களுக்குக் கிடைத்த பதிப்பில் ஆங்கிலத் துணைவரிகள் மட்டுமே இருந்ததால் முதியவர்கள் சிரமப்பட்டார்கள். யோபு 38 முதல் 42 வரையிலான அதிகாரங்களைப் படத்துக்கு முன்பே வாசித்துவிட்டால், சிருஷ்டிப்புப் பகுதியில் எழுந்து போவோர் குறைவார்கள். அண்மையில் பிள்ளையை இழந்த பெற்றோரை மட்டும், ஆறுதலாய் இருக்கும் என்று சொல்லி இதற்கு அழைத்து வராதீர்கள்.