ரஃபிள்: பழைய ஃபிளாஷ் விளையாட்டுகள் மீண்டும் ஓடுகின்றன

பல ஆண்டுகளாகப் பென் டிரைவில் கிடந்த ஒரு பந்து விளையாட்டின் எஸ்.டபிள்யூ.எஃப். கோப்பை, அதாவது ஃபிளாஷ் கோப்பை, அத்தகைய கோப்புகளை இன்றும் ஓடவைக்கும் ரஃபிள் செயலியில் சென்ற வாரம் திறந்தேன். சாம்பல் நிறப் பட்டை இடமிருந்து வலமாக நிரம்பி முடிந்தது. அம்புக்குறி விசையைத் தட்டியதும் பந்து பழைய துள்ளலோடு மேலே எழும்பியது. அந்த ஒரு நொடிக்காகவே இந்த மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு மனமார நன்றி சொல்வேன்.

பிரவுசரில் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் ஓடவைத்த ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அதன் நிறுவனமான அடோபி 2017 ஜூலையில் அறிவித்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே எந்தக் கோப்பையும் இயக்க மறுத்தது. பாதுகாப்பு ஓட்டைகள் ஓயாமல் வெளிவந்துகொண்டிருந்த நிலையில் அது சரியான முடிவுதான் என்றாலும், பிரவுசரில் ஓடிய எண்ணற்ற சிறு விளையாட்டுகளும் அதோடு சேர்ந்து முடங்கிப்போயின.

ரஃபிள் அந்தப் பழைய பிளேயரைத் தூசி தட்டி எடுத்து வரவில்லை. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதப்பட்ட இந்த இலவசத் திறமூல மென்பொருள், பிரவுசருக்குள் நிரல்களை வேகமாக இயக்கும் வெப்அசெம்பிளி என்ற தொழில்நுட்பம் வழியாகப் பிரவுசரின் பாதுகாப்பு வேலிக்குள்ளேயே இயங்குவதால், பழைய ஓட்டைகளை மீண்டும் திறந்துவிடாமல் மூலக் கோப்பை உள்ளபடியே படிக்கிறது. தளம் நடத்துபவர் தன் இணையப் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்தால் போதும். பார்வையாளர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பழைய இணையப் படைப்புகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரிலேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

குறையும் உண்டு. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஆகியவற்றில் எழுதியவை பெரும்பாலும் நன்றாக ஓடுகின்றன. 2006இல் ஃபிளாஷ் பிளேயர் 9 உடன் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3க்கான ஆதரவோ இன்னும் முழுமை பெறவில்லை. அதனால் ரஃபிளில் ஓடாத விளையாட்டுகளுக்கும், ஷாக்வேவ், யூனிட்டி வெப் பிளேயர் போன்ற வேறு பிரவுசர் செருகுநிரல்களில் ஓடியவற்றுக்கும், 2,00,000க்கும் மேற்பட்ட படைப்புகளைச் சேகரித்து வைத்திருக்கும் ஃபிளாஷ்பாயிண்ட் என்ற திட்டத்தைத்தான் நாட வேண்டும். நிறுவனத்தின் சர்வரை நம்பியே ஓடிய பழைய ஃபார்ம்வில் போன்றவற்றைக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீட்க முடியாது.

பழைய கோப்புகளை வைத்திருப்பவர்கள், இன்று திறக்கவில்லை என்பதற்காக அவற்றை அழித்துவிட வேண்டாம். ரஃபிளின் புதிய பதிப்புகள் அடிக்கடி வெளிவருகின்றன. சில மாதங்கள் கழித்து மறுபடியும் முயன்று பாருங்கள்.